ரெண்டு மாறி இருந்தா ரெண்டு ஈக்வேஷன் கட்டாயம் வேணுமா? டேட்டா சஃபிஷியன்ஸியில ஒரு சந்தேகம்

அரைப்பின்னம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒருங்கமை சமன்பாடு (ஒரே மாறிகள் வர்ற ரெண்டு மூணு சமன்பாட்டைச் சேத்துத் தீர்க்கறது) எனக்கு ஸ்கூல்லேர்ந்தே நல்லா வரும், நீக்கல் முறை, பிரதியிடல் முறை எதுல கேட்டாலும் போட்டுடுவேன். இப்போ போட்டித் தேர்வுக்குப் படிக்கறதுல டேட்டா சஃபிஷியன்ஸின்னு ஒரு பகுதி வருது. விடையைக் கண்டுபிடிக்கவே வேணாம், குடுத்த தகவல் போதுமா போதாதான்னு சொன்னா போதும்ங்கறாங்க. நான் பாத்த கைடு எல்லாத்துலயும் "எத்தனை மாறியோ அத்தனை சமன்பாடு" அப்படின்னு ஒரே வரியில முடிச்சுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடறாங்க, ஆனா பயிற்சிக் கணக்குல பதிலைப் பாத்தா அந்த வரிக்கு நேர் எதிரா இருக்கு.

உதாரணம் ரெண்டு போடறேன்.

முதல் கணக்கு: ஒரு வண்டியில 7 கிலோ மூட்டையும் 11 கிலோ மூட்டையும் ஏத்தியிருக்கு. 7 கிலோ மூட்டை எத்தனை? கூற்று 1: மொத்த எடை 58 கிலோ. கூற்று 2: மொத்தம் 6 மூட்டை. இதுக்குப் பதில் "கூற்று 1 மட்டுமே போதும்"னு போட்டிருக்கு. ரெண்டு மாறி, ஒரே ஒரு சமன்பாடு, எப்படிப் போதும்?

ரெண்டாவது கணக்கு: தாய், மகள் ரெண்டு பேரோட இப்போதைய வயசு என்ன? கூற்று 1: இப்போ ரெண்டு வயசையும் கூட்டினா 50. கூற்று 2: அஞ்சு வருஷம் கழிச்சு கூட்டினா 60. இதுல ரெண்டு மாறி, ரெண்டு சமன்பாடு, ஆனா பதில் "ரெண்டும் சேர்ந்தாலும் போதாது".

அதோட இன்னொண்ணு, கதை நீளமா இருந்தா அதை சமன்பாடா மாத்தறதுலயே நேரம் போயிடுது, படகு நீரோட்டம் மாதிரி கணக்கெல்லாம். அதுக்கும் யாராவது வழி சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.


தொடுகோடு எழுதியது:

நல்ல கேள்வி, ரெண்டு உதாரணமும் சரியா எடுத்திருக்கீங்க, இந்த ரெண்டும் புரிஞ்சா பாதி டேட்டா சஃபிஷியன்ஸி முடிஞ்ச மாதிரி. கைடுல இருக்கற அந்த ஒரு வரியை முதல்ல தள்ளி வைங்க. சமன்பாட்டை எண்ணறது வேலை இல்ல. குடுத்த தகவலுக்கு ஒத்துவர்ற எல்லா சாத்தியத்தையும் எடுத்துக்கிட்டா, கேட்ட கேள்விக்கு ஒரே பதில் வருதா, இல்ல ரெண்டு பதில் வர வாய்ப்பிருக்கா, இதைத்தான் பாக்கணும்.

மூட்டைக் கணக்கு. 7 கிலோ மூட்டை க, 11 கிலோ மூட்டை ச-ன்னு வச்சுக்கலாம். கூற்று 1 சொல்றது 7க + 11ச = 58. இதை வெறும் சமன்பாடா பாத்தா கோடி தீர்வு இருக்கு, ஆனா இது மூட்டை, அரை மூட்டை கால் மூட்டைன்னு கிடையாது, மைனஸ்லயும் வராது. அதனால ச-க்கு 0, 1, 2, 3, 4, 5 இந்த ஆறு மதிப்புதான் இருக்க முடியும் (6 போட்டா 66 ஆயிடும், தாண்டிடும்). ஒவ்வொண்ணா கழிச்சுப் பாருங்க, மீதி 58, 47, 36, 25, 14, 3. இதுல 7ஆல வகுபடறது 14 மட்டும்தான். ஆக ச = 4, க = 2, வேற வழியே இல்ல. கூற்று 1 தனியாவே போதும். கூற்று 2 மட்டும்னா க + ச = 6, அதுல க எதுவா வேணா இருக்கலாம், போதாது.

இந்தக் கணக்கை அமைச்சவர் வேணும்னேதான் கூற்று 2ஐ வச்சிருக்கார். ரெண்டையும் சேத்தா அழகா தீர்ந்துடும், உடனே கை "ரெண்டும் சேர்ந்து"ங்கற விடைக்குப் போகும். ரெண்டும் சேர்ந்தா போதும்னு ரொம்ப சுலபமா தெரியுற கணக்குல எல்லாம் ஒண்ணு மட்டுமே போதுமான்னு நின்னு பாக்கறது நல்லது.

இப்போ அதே சமன்பாட்டை வேற கதையில பாருங்க. ஒருத்தர் மணிக்கு 7 கிமீ வேகத்துல க மணி நேரமும், 11 கிமீ வேகத்துல ச மணி நேரமும் போய் மொத்தம் 58 கிமீ கடந்தார், க எவ்வளவு? 7க + 11ச = 58, எழுத்துக்கு எழுத்து அதே சமன்பாடுதான். ஆனா நேரம் ஒன்றரை மணி, ரெண்டே கால் மணின்னு எப்படி வேணா இருக்கலாம். இங்க கூற்று 1 தனியா போதாது, மொத்த நேரம் 6 மணின்னு கூற்று 2ம் வந்தாத்தான் க = 2, ச = 4-ன்னு நிக்கும். சமன்பாடு மாறல, பதில் மாறிடுச்சு. காரணம் சமன்பாட்டுல எழுதாத ஒரு நிபந்தனை கதைக்குள்ள இருக்கு. ஆள், மூட்டை, பக்கம், டிக்கெட், இலக்கம் இதெல்லாம் வந்தா முழு எண். நேரம், தூரம், எடை, அளவு வந்தா எதுவா வேணாலும் இருக்கலாம். கதையைப் படிக்கும்போதே ஓரமா "முழு எண்"ன்னு குறிச்சு வச்சுக்கோங்க.

முழு எண்ணுன்னா உடனே ஒரு சமன்பாடு போதும்னும் முடிவு கட்டிடாதீங்க. 3 கிலோவும் 5 கிலோவும் மொத்தம் 46 கிலோன்னு வந்தா? 3க + 5ச = 46. க = 12, ச = 2 சரியா வருது. க = 7, ச = 5 அதுவும் வருது. க = 2, ச = 8ம் வருது. மூணு தீர்வு, அதனால போதாது. இதை வேகமா பாக்க ஒரு வழி இருக்கு, ஒரு தீர்வு கிடைச்சதும் க-வுல 5ஐக் குறைச்சு ச-வுல 3ஐக் கூட்டுங்க, மொத்தம் மாறாது. அடுத்த தீர்வு செல்லுமான்னு மட்டும் பாத்தா போதும். மூட்டைக் கணக்குல (2, 4)லேர்ந்து அப்படி 11ம் 7ம் வச்சு நகர்ந்தா (13, −3), இந்தப் பக்கம் (−9, 11), ரெண்டுமே செல்லாது, அதனால ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு கெழுவுக்கும் (மாறிக்கு முன்னாடி நிக்கற எண்) பொதுக் காரணி இல்லாதப்ப இந்த நகர்வைத் தவிர வேற முழு எண் தீர்வு கிடையாது, காரணி இருந்தா முதல்ல வகுத்து சுருக்கிட்டு அப்புறம் நகருங்க. முழு எண் தீர்வு தேடற இந்த மாதிரி கணக்குக்கு ஆரியபட்டர் கி.பி. 499லயே ஒரு முறை சொல்லியிருக்கார், பின்னாடி அதுக்குக் குட்டகம்னு பேர் வந்துச்சு, பெரிய எண்ணா வந்தாலும் அதுல போட்டுடலாம், பரிட்சைக்கு அவ்வளவு தேவைப்படாது.

வயசுக் கணக்குக்கு வரேன். தாய் த, மகள் ம. கூற்று 1: த + ம = 50. கூற்று 2: (த + 5) + (ம + 5) = 60, பிரிச்சா த + ம = 50. அதே வரியை வேற சட்டை போட்டு ரெண்டாவது தடவை குடுத்திருக்காங்க. 38-12ம் சரி, 35-15ம் சரி. புதுசா ஒரு தகவலும் வரல. வயசு வித்தியாசமும் இதே மாதிரிதான், "பத்து வருஷத்துக்கு முன்னாடி வித்தியாசம் 20", "இப்போ வித்தியாசம் 20" ரெண்டும் ஒண்ணு, ஏன்னா வித்தியாசம் வாழ்நாள் முழுக்க மாறாது. மடங்கு மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். கூற்று 2ல "அஞ்சு வருஷம் கழிச்சு தாய் வயசு மகள் வயசுக்கு ரெண்டு மடங்கு"ன்னு இருந்திருந்தா த + 5 = 2(ம + 5), அப்போ ம = 15, த = 35ன்னு உக்காந்திருக்கும்.


சுருக்குவழி எழுதியது:

இவ்வளவு யோசிக்க பரிட்சையில டைம் கிடைக்காதுங்க. நான் பண்றது இதுதான், ரெண்டு சமன்பாட்டையும் மேலயும் கீழயும் எழுதி கெழுக்களைக் குறுக்கா பெருக்குவேன். 4க + 6ச, 6க + 9ச வந்தா 4×9 = 36, 6×6 = 36, சமமா இருக்கு, போதாது. 4க + 6ச, 6க + 8ச வந்தா 32, 36, சமமில்ல, போதும். வலது பக்கம் என்ன எண் இருக்குன்னுகூட பாக்க வேணாம், பத்து செகண்டுல முடியும். அரைப்பின்னம் போட்ட வயசுக் கணக்குல 1×1 = 1×1, அதனால போதாது.

இன்னொண்ணு, ஆப்ஷன் வரிசையைப் பாத்துக்கோங்க. ஜிமேட்ல (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) மூணாவது ஆப்ஷன் C-ன்னா "ரெண்டும் சேர்ந்தா போதும்", நாலாவது D-ன்னா "ஒவ்வொண்ணும் தனித்தனியாவே போதும்", அஞ்சாவது E-ன்னா "சேர்ந்தாலும் போதாது". மத்த பரிட்சைகள்ல இந்த வரிசை மாறி வரும். மனப்பாடம் பண்ணின எழுத்தை வச்சு மார்க் பண்ணிட்டா கணக்கு சரியா போட்டும் மார்க் போயிடும்.


மாறிலி எழுதியது:

சமன்பாடு அமைக்கறதைப் பத்தி யாரும் சொல்லல, அதை நான் எழுதறேன், எனக்குப் பிடிச்ச பகுதி அது.

முதல் வேலை, எழுத்து எதைக் குறிக்குதுன்னு முழுசா எழுதுங்க. "க = படகு"ன்னு எழுதாதீங்க, "க = அசையாத தண்ணில படகோட வேகம், மணிக்கு கிமீ"ன்னு எழுதுங்க. அலகோட எழுதிட்டீங்கன்னா பாதி தப்பு தானா நின்னுடும், ஏன்னா கிமீயையும் மணியையும் கூட்டப் போறப்ப கண்ணுல படும். அடுத்தது, கதையில சமம்ங்கறது எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுங்க. "மொத்தம்", "அதே தூரம்", "அதே நேரம்", "மடங்கு", "விட இத்தனை அதிகம்" இந்த இடத்துல எல்லாம் ஒரு சமக்குறி இருக்கு. ஒரு வாக்கியத்துக்கு ஒரு சமன்பாடுன்னு நினைக்க வேணாம், சில வாக்கியம் வெறும் அலங்காரம், சில வாக்கியத்துல ரெண்டு சமன்பாடு இருக்கும்.

மடங்கு வர்ற இடத்துல நிறைய பேருக்கு மாறிப் போகுது. "தாயோட வயசு மகளோட வயசைப் போல மூணு மடங்கு"ன்னா த = 3ம. வாக்கியத்துல மூணு மடங்குங்கறது தாயைப் பத்தி வர்றதால 3த = ம-ன்னு எழுத கை போகும். எழுதினதும் எது பெருசுன்னு கேளுங்க, தாய் பெருசு, அப்போ 3 சின்னதோட பக்கத்துலதான் நிக்கணும், ரெண்டு பக்கமும் சமமாகணும் இல்லையா. இது மூணு செகண்ட் வேலை.

படகுக் கணக்கு ஒண்ணு முழுசா போட்டுக் காட்டறேன். ஒரு படகு நீரோட்டத்தை எதிர்த்து 24 கிமீயும் நீரோட்டத்தோட 36 கிமீயும் போக மொத்தம் 6 மணி ஆகுது. அதே படகு எதிர்த்து 16 கிமீயும் நீரோட்டத்தோட 48 கிமீயும் போகவும் 6 மணிதான் ஆகுது. படகு வேகம் என்ன, நீரோட்ட வேகம் என்ன?

படகு ப, நீரோட்டம் ந. நேரா எழுதினா 24/(ப − ந) + 36/(ப + ந) = 6ன்னு வரும், இதைப் பாத்தவுடனே குறுக்கா பெருக்க ஆரம்பிச்சா வர்க்கம் எல்லாம் வந்து பக்கம் முழுக்க ஓடும். அதுக்குப் பதிலா ஒரு கிமீ எதிர்த்துப் போக ஆகற நேரத்தை க-ன்னும், ஒரு கிமீ கூடப் போக ஆகற நேரத்தை ச-ன்னும் வச்சுக்கோங்க. இப்போ 24க + 36ச = 6, 16க + 48ச = 6. சுருக்கினா 4க + 6ச = 1, 8க + 24ச = 3. முதலாவதை ரெண்டால பெருக்கி ரெண்டாவதுலேர்ந்து கழிச்சா 12ச = 1, ச = 1/12, அதைப் போட்டா க = 1/8. அப்போ எதிர்த்து மணிக்கு 8 கிமீ, கூட மணிக்கு 12 கிமீ. ப − ந = 8, ப + ந = 12, படகு 10, நீரோட்டம் 2. திரும்பிப் போய் கதையில போட்டுப் பாருங்க, 24/8 + 36/12 = 3 + 3 = 6 சரி, 16/8 + 48/12 = 2 + 4 = 6 அதுவும் சரி. சரிபாக்கறது எப்பவும் கதையில பண்ணணும், நாம எழுதின சமன்பாட்டுல பண்ணக் கூடாது, ஏன்னா சமன்பாடே தப்பா எழுதியிருந்தா அதுல போட்டா சரின்னுதான் காட்டும்.

இதே கதையில டேட்டா சஃபிஷியன்ஸி எப்படிக் கேப்பாங்கன்னா, "படகு வேகத்துக்கும் நீரோட்ட வேகத்துக்கும் விகிதம் என்ன? கூற்று 1: ஒரே தூரத்தை எதிர்த்துப் போக ஆகற நேரம், கூடப் போக ஆகற நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு." இதுல தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது, ஒரு கிமீ கணக்குகூட இல்ல. ஆனா நேரம் ஒன்றரை மடங்குன்னா வேகம் தலைகீழ், (ப + ந)/(ப − ந) = 3/2, பிரிச்சா ப = 5ந. விகிதம் 5:1, போதும். ஏன்னா கேட்டது விகிதம்தான், ப-வையும் ந-வையும் தனித்தனியா கேக்கல. கேள்வி என்ன கேக்குதுன்னு கடைசி வரியை முதல்ல படிக்கறதுக்கு இதான் காரணம்.


அரைப்பின்னம் எழுதியது:

தொடுகோடு, மாறிலி ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. மூட்டையையும் மணி நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சது அருமை, சமன்பாட்டுல இல்லாத நிபந்தனைன்னு சொன்னது இப்போதான் மண்டையில ஏறுது.

சுருக்குவழி சொன்ன குறுக்குப் பெருக்கலும் நல்லா இருக்கு, ஆனா அதுல ஒரு சந்தேகம். மூணு மாறி வந்து ரெண்டே சமன்பாடு இருந்தா கண்ணை மூடிக்கிட்டு போதாதுன்னு போடலாமா? இந்தக் கணக்குல போதும்னு இருக்கு: க + ச + ப எவ்வளவு? கூற்று 1: க + 3ச + 5ப = 31. கூற்று 2: க + 4ச + 7ப = 42. ரெண்டும் சேர்ந்தா போதுமாம். முழு எண்ணுன்னும் எங்கயும் சொல்லல.


தொடுகோடு எழுதியது:

கண்ணை மூடிக்கிட்டு எதையும் போடக் கூடாது. சுருக்குவழி சொன்ன குறுக்குப் பெருக்கல் சரியான சோதனைதான், ஆனா அது ஒரு இடத்துக்குத்தான் செல்லும்: ரெண்டு மாறி, ரெண்டு சமன்பாடும் ஒருபடி (மாறியோட வர்க்கமோ, மாறியை மாறியால பெருக்கறதோ வராது), எண்ணுக்கு எந்த நிபந்தனையும் கிடையாது, கேட்டது ஏதோ ஒரு மாறியோட மதிப்பு. இந்த நாலுல ஒண்ணு மாறினாலும் சோதனை கைவிட்டுடும். மூட்டைக் கணக்குல ஒரு சமன்பாடுதான், குறுக்கா பெருக்க ரெண்டாவது சமன்பாடே இல்ல, ஆனாலும் போதும். அதே மாதிரி 4க + 6ச = 20ன்னு ஒண்ணு மட்டும் இருந்து 2க + 3ச எவ்வளவுன்னு கேட்டா பத்துன்னு உடனே தெரியும், க-வும் ச-வும் என்னன்னு தெரியாமலே.

உங்க மூணு மாறி கணக்கும் அந்த வகைதான். கேட்டது க + ச + ப, கெழு 1, 1, 1. குடுத்தது 1, 3, 5ம் 1, 4, 7ம். இந்த ரெண்டு வரிசையையும் எதாலயாவது பெருக்கிக் கூட்டியோ கழிச்சோ 1, 1, 1 வரவழைக்க முடியுமா? முதலாவதை 3ஆல பெருக்குங்க, 3, 9, 15. ரெண்டாவதை 2ஆல பெருக்குங்க, 2, 8, 14. கழிச்சா 1, 1, 1. வலது பக்கத்துலயும் அதையே பண்ணினா 93 − 84 = 9. பதில் 9, போதும். ஆனா க, ச, ப தனித்தனியா தெரியாது. (2, 3, 4) போட்டுப் பாருங்க, 2 + 9 + 20 = 31, 2 + 12 + 28 = 42, சரியா வருது. (3, 1, 5) போட்டாலும் 3 + 3 + 25 = 31, 3 + 4 + 35 = 42, அதுவும் சரியா வருது. ரெண்டுலயும் கூட்டுத்தொகை 9தான். "ப எவ்வளவு?"ன்னு கேட்டிருந்தா 4 வேணா 5 வேணா இருக்கலாம், போதாதுன்னு ஆயிருக்கும்.

3, 2ன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு அடுத்து கேப்பீங்க. மு மடங்கு முதலாவது, ர மடங்கு ரெண்டாவதுன்னு வச்சா, க-வுக்கு மு + ர = 1, ச-வுக்கு 3மு + 4ர = 1. இதுவே ஒரு ஒருங்கமை சமன்பாடு, தீர்த்தா மு = 3, ர = −2. கடைசியா ப-வுல சரிபாருங்க, 5×3 − 7×2 = 1, பொருந்துது. ப-வுல பொருந்தலைன்னா கேட்டது கிடைக்காதுன்னு அர்த்தம். உதாரணமா கூற்று 2 க + 4ச + 8ப-ன்னு இருந்தா 15 − 16 = −1 வரும், பொருந்தாது, அப்போ போதாது. எனக்கு இந்த வகைக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், தீர்வு தெரியாமலே பதில் மட்டும் உறுதியா தெரியுற இடம் இது.

நடைமுறையில நான் பண்றது: கூற்று 1ஐ மட்டும் வச்சு வேலை பாத்துட்டு, அதை அப்படியே மறந்துட்டு கூற்று 2ஐ மட்டும் பாப்பேன். ரெண்டும் தனியா போதலைன்னாத்தான் சேப்பேன். "போதாது"ன்னு சந்தேகம் வந்தா நிரூபிக்க ஒரே வழி, ரெண்டு வேற வேற பதில் தர்ற ரெண்டு உதாரணத்தை எழுதிக் காட்டறது. எழுத முடியலைன்னா இன்னும் யோசிக்கணும்னு அர்த்தம், போதாதுன்னு அர்த்தம் இல்ல.


நாற்கரம் எழுதியது:

ஒருபடி இல்லாத கணக்கையும் சேத்துக்கோங்க, அடிக்கடி வருது. ஒரு செவ்வகத்தோட மூலைவிட்டம் என்ன? கூற்று 1: சுற்றளவு 14. கூற்று 2: பரப்பு 12. பக்கம் க, ச-ன்னா க + ச = 7, கச = 12. தனித்தனியா ரெண்டும் போதாது. சேத்தா மூலைவிட்டத்தோட வர்க்கம் க² + ச² = 49 − 24 = 25, மூலைவிட்டம் 5. எது 3 எது 4ன்னு பாக்கவே வேணாம். கதை எதுவும் இல்லாம வெறுமனே கூட்டல் 7, பெருக்கல் 12னு குடுத்து க எவ்வளவுன்னு கேட்டா 3ம் சரி 4ம் சரி, க > ச-ன்னு எங்கயாவது சொல்லியிருந்தாத்தான் நிக்கும்.

ஆமா இல்லைன்னு பதில் சொல்ற கேள்வியும் உண்டு, அங்க நிறைய பேர் தடுமாறுவாங்க. தொடுகோடு போட்ட 3க + 5ச = 46ஐயே எடுங்க. "மொத்த மூட்டை எண்ணிக்கை ஒற்றைப்படையா?"ன்னு கேட்டா? மூணு தீர்வுலயும் மொத்தம் 14, 12, 10. எல்லாமே இரட்டைப்படை, பதில் உறுதியா "இல்லை". உறுதியான இல்லையும் போதுமான பதில்தான்! பதில் இல்லைன்னு வந்தா போதாதுன்னு மார்க் பண்ணிடாதீங்க. தீர்வைத் தேடாமலும் இதைச் சொல்லலாம், 3ம் 5ம் ஒற்றை, 46 இரட்டை, அப்போ க-வும் ச-வும் ரெண்டும் ஒற்றையா இருக்கணும் இல்ல ரெண்டும் இரட்டையா இருக்கணும்.

ஜிமேட் எழுதறவங்களுக்கு ஒரு தகவல், 2023 நவம்பர்ல வந்த புது வடிவத்துல டேட்டா சஃபிஷியன்ஸி குவான்ட்ங்கற கணக்குப் பகுதியிலேர்ந்து டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு மாறிடுச்சு. அங்க திரையில கால்குலேட்டர் உண்டு, ஆனா இந்த மாதிரிக் கணக்குக்கு அது பெருசா உதவாது. ஜிமேட்ல ரெண்டு கூற்றும் ஒண்ணுக்கொண்ணு முரணா வராதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், கூற்று 1ல வர்ற விடைக்கு கூற்று 2ல இடமே இல்லைன்னா எங்கயோ கணக்குல தப்பு நடந்திருக்கு, அதை வச்சே கண்டுபிடிச்சுடலாம்.


அரைப்பின்னம் எழுதியது:

எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். இன்னும் ஒரே ஒரு வகை பாக்கி, ரெண்டு இலக்க எண் கணக்கு. இலக்கம் முழு எண்ணு, அதுவும் 0லேர்ந்து 9க்குள்ள. அப்போ ஒரு சமன்பாடு போதும்னு ஆகறதுக்கு வாய்ப்பு அதிகமா? "இலக்கங்களோட கூட்டல் 9, எண் 9ஆல வகுபடும்"னு ரெண்டு கூற்று வந்தா எப்படி எடுத்துக்கறது?


மாறிலி எழுதியது:

வாய்ப்பு அதிகம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாக்கணும். பத்தாம் இடம் க, ஒன்றாம் இடம் ச-ன்னா எண் 10க + ச, க மட்டும் பூஜ்யமாகாது. நீங்க கேட்டதுல கூட்டல் 9னாலே எண் 9ஆல வகுபட்டுடும், அதனால ரெண்டாவது கூற்று புதுசா ஒண்ணும் சொல்லல. 18, 27, 36, 45, 54, 63, 72, 81, 90 எல்லாமே நிக்குது, போதாது. "எண்ணுக்கும் திருப்பிப் போட்ட எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 9ஆல வகுபடும்"னு ஒரு கூற்று வந்தாலும் அப்படித்தான், அது எல்லா எண்ணுக்கும் உண்மை, வித்தியாசம் 9(க − ச) ஆச்சே.

இப்போ அழகான ஒண்ணு. "ஒரு ரெண்டு இலக்க எண், தன் இலக்கங்களோட கூட்டலைப் போல 4 மடங்கு." 10க + ச = 4க + 4ச, ச = 2க. 12, 24, 36, 48, நாலு பதில், போதாது. அதே வாக்கியத்துல 4ஐ எடுத்துட்டு 3 போடுங்க. 10க + ச = 3க + 3ச, 7க = 2ச. இலக்கத்துக்குள்ள இதுக்கு ஒரே வழி க = 2, ச = 7, எண் 27. ஒரே சமன்பாடு, போதும். 2 மடங்குன்னா 8க = ச, எண் 18, அதுவும் போதும். வாக்கியம் அதேதான், ஒரு எண் மாறினதுக்கே பதில் புரண்டு போகுது, அதனால இந்த வகையில மாதிரியை மனப்பாடம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல.

நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்க: எண் என்ன? கூற்று 1: எண் தன் இலக்கங்களோட கூட்டலைப் போல 7 மடங்கு. கூற்று 2: திருப்பிப் போட்டா 27 குறையும்.


அரைப்பின்னம் எழுதியது:

கூற்று 1: 10க + ச = 7க + 7ச, 3க = 6ச, க = 2ச. 21, 42, 63, 84, போதாது. கூற்று 2: 9(க − ச) = 27, க − ச = 3. 41, 52, 63, 74, 85, 96, இதுவும் போதாது. சேத்தா 2ச − ச = 3, ச = 3, க = 6, எண் 63. ரெண்டும் சேர்ந்து போதும். "27 குறையும்"ங்கறதுக்குப் பதிலா "வித்தியாசம் 27"ன்னு இருந்திருந்தாலும் கூற்று 1ல க பெருசுன்னு ஆயிடறதால 63தான் வரும்னு நினைக்கறேன், சரியா?


தொடுகோடு எழுதியது:

சரி. கூற்று 1ல க = 2ச வந்தவுடனே க > ச-ன்னு முடிவாயிடுது, அதனால வித்தியாசம்னு போட்டாலும் 36 உள்ள வராது. கூற்று 1க்குப் பதிலா "இலக்கங்களோட கூட்டல் 9"னு இருந்திருந்தா 36ம் 63ம் ரெண்டும் நின்னிருக்கும். கூற்று 2ஐத் தனியா பாக்கறப்ப 30ஐயும் பாருங்க, திருப்பினா 03, அதாவது 3, 27 குறையுது. அதைச் சேத்தா ஏழு எண், சேக்கலைன்னா ஆறு, எப்படி இருந்தாலும் தனியா போதாது.